பாலும் பிசினும்



மரத்திலிருந்து ஒட்டும் தன்மையுடன் எது வடிந்தாலும் மலாய்மொழி அதனைக் 'கெத்தா' என்றே அழைக்கும். தமிழில் பால் என்றும் பிசின் என்றும் இரு சொற்கள் உண்டு. உணவைப் பொதியும் படலங்களின் வரலாற்றைப் பார்த்தால் இவ்வேறுபாட்டின் அருமை விளங்கும்.

பேராக் மாநிலத் தமிழர்க்குப் பால்மரம் என்றால் இரப்பர் மரந்தான். 1877ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் இரப்பர்க் கன்றுகளை நட்டார். அக்காலத்து மரமொன்றை அவ்வூரில் இன்றும் காணலாம். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஈப்போவைச் சுற்றியும் சுங்கை சிப்புட் வட்டாரத்திலும் தோட்டங்கள் பெருகின. விடியுமுன் மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, அமிலம் விட்டு உறையவைத்துத் தகடாக்கியவர்கள் நம் முன்னோர். ஒட்டுப்பாலைக்கூட வீணாக்காமல் சுரண்டிச் சேர்த்தனர். அன்றைய உலக இரப்பரில் பெரும்பங்கு மலாயாவினுடையது. அது டயரானதை எல்லாரும் அறிவோம். உணவுப் பொட்டலமும் ஆனது என்பதைச் சிலரே அறிவர்.

1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் 'பிளியோபிலிம்' என்னும் படலத்தை வெளியிட்டது. இரப்பரைப் பென்சீனில் கரைத்து, ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்தி, மெல்லியதாகப் பரப்பி உலர்த்தினால் ஈரம் புகாத, கண்ணாடி போன்ற தாள் கிடைத்தது. உணவுப் பொருள்களை அதில் சுற்றி விற்றனர். இரண்டாம் உலகப்போரில் துப்பாக்கிகள் நனையாதிருக்க அதையே உறையாக இட்டனர்.

இரப்பர் நீரில் கரையாது. அதனால்தான் பென்சீன் தேவைப்பட்டது. ஓஹாயோ மாநிலத்தில் அப்படலத்தைச் செய்த தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வொன்று 1977இல் வெளிவந்தது. இலியூக்கேமியா என்னும் இரத்தப் புற்றுநோயால் அவர்களிடையே நேர்ந்த இறப்பு வழக்கத்தைவிட மிக அதிகம் என்று அது காட்டியது. பொட்டலத்தைப் பிரித்து உண்டவர் அந்தத் தொழிற்சாலையின் காற்றைச் சுவாசிக்கவில்லை. பின்னாளில் பெட்ரோலியத்திலிருந்து வந்த மலிவான பாலித்தீன் பிளியோபிலிமின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதனால் வந்த குப்பையைத்தான் இன்று நம் ஆறுகளிலும் சாக்கடைகளிலும் காண்கிறோம்.

பிசினின் தன்மை வேறு. இரப்பர் நீரை விலக்கும் ஹைட்ரோகார்பன். பிசினோ பெரும்பாலும் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. ஆகவே கரைப்பதற்குத் தண்ணீரே போதும். நம் கருவேல மரத்துக்கு உறவான ஒருவகை வேலமரம் சூடான் நாட்டில் மிகுதி. அதன் பட்டை காயமுற்றால் வடிந்து உறைவதே அராபியப் பிசின். மிட்டாய்களிலும் பானங்களிலும் அதனை நெடுங்காலமாகச் சேர்த்து வருகின்றனர்.

அப்பிசினைக் கொண்டு ஒரு முக்கியமான சோதனை நம் நாட்டிலேயே நடந்தது. சிலாங்கூரில் உள்ள நோட்டிங்காம் பல்கலைக்கழக மலேசிய வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். தக்காளியின்மீது 5, 10, 15, 20 விழுக்காட்டுக் கரைசல்களைப் பூசி, 20 பாகை செல்சியசில் 20 நாள் வைத்திருந்தனர். 10 விழுக்காட்டுப் பூச்சு பெற்ற பழங்கள் பூச்சில்லாதவற்றைவிட மெதுவாகவே பழுத்தன. எடையிழப்பும் அழுகலும் குறைந்தன. உலர்ந்த பிசின் உயிர்வளி உள்ளே புகுவதைக் குறைக்கிறது. பழத்தின் சுவாசம் தணிகிறது. உறையைப் பழத்தோடு சேர்த்தே உண்ணலாம். எறிந்தாலும் மண்ணில் மக்கிவிடும்.

குறையும் உண்டு. பிசினைத் தனித் தாளாக உலர்த்தினால் நொறுங்கும். வளைந்து கொடுக்கக் கிளிசரின் சேர்க்கவேண்டும். ஈரம் பட்டால் இளகும். தேன்மெழுகு கலந்தால் ஓரளவு தாங்கும். குழம்பு கட்டிக் கொடுக்க அது உதவாது. அந்த வேலைக்குத் தூக்குச்சட்டி இருக்கிறது என்பது என் எண்ணம். தோட்டத்து லயங்களில் அதுதான் இருந்தது!

வகுப்பில் செய்துபார்க்க விரும்புவோர் 10 கிராம் அராபியப் பிசினை 90 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து வடிகட்டுங்கள். ஒரே அளவில் பழுக்கத் தொடங்கிய தக்காளிகளை எடுத்து, பாதியை அதில் தோய்த்து உலர்த்துங்கள். நாள்தோறும் மாணவர்கள் எடையைக் குறித்துவரட்டும். பாதாம் பிசின் வேண்டாம். அது கரையாமல் ஊறிப் பெருத்துக்கொள்ளும்.