துண்டு முதல் இக்காமா வரை

மலையகத் தொழிலாளரின் வரலாற்றில் ‘துண்டு’ என்ற சொல்லுக்குத் தனி இடம் உண்டு. ஒரு கங்காணியும் அவனுடைய ஆட்களும் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். இவர்கள் பேரில் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்பதே அந்தச் சீட்டின் சாரம். புதிய துரை பணத்தைக் கட்டுவார். ஆனால் கடன் தீராது. புதிய தோட்டத்துக் கணக்கில் அது மறுபடி ஏறும். ஆட்கள் இடம் மாறினார்கள், கடனும் கூடவே இடம் மாறியது.

அந்தச் சீட்டின் கணக்கில் பெண்ணும் ஒரு தலை. கடன் வாங்கியவள் அவள் அல்ல. தமிழ்நாட்டுக் கிராமத்தில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டியவன் கங்காணி, வாங்கியவன் பெரும்பாலும் தகப்பன் அல்லது கணவன். அதை அடைக்கக் கொழுந்து பறித்தவள் அவள். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. அவள் கூடை நிறைந்தால் துரைக்கு லாபம், அவள் மலையில் இறங்கினாலே கங்காணிக்கு லாபம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் சட்டம் நின்றது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். தொழிலாளி வேலையை விடுவது வெறும் ஒப்பந்த மீறலாகப் பார்க்கப்படவில்லை, குற்றமாகவே பார்க்கப்பட்டது. துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

சீட்டு ஒழிந்த பிறகு கூலிக்குச் சட்டம் வந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு வழி செய்தது. அதன்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயமானது. இதை ஒரு முன்னேற்றம் என்றுதான் வரலாறு குறித்துவைத்திருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனால் வழக்கமாக இருந்த பாகுபாட்டுக்கு அரசாங்க முத்திரையும் அன்றுதான் விழுந்தது. தேயிலையின் வருமானம் கொழுந்தில் இருந்தது, கொழுந்து பறித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அந்த வேலைக்குக் குறைந்த விலையைச் சட்டம் எழுதித் தந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் இன்னொரு வகைச் சட்டம் மலைக்கு ஏறி வந்தது. அது கூலியைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் வம்சாவளியால் பிரஜையாவதற்குத் தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டச் சொன்னது. இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டச் சொன்னது. தாய் எங்கே பிறந்தாள், எத்தனை வருடம் கொழுந்து பறித்தாள் என்பது அந்தச் சட்டத்துக்குப் பொருட்டே இல்லை. சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். தாய்வழியாகவும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை உண்டு என்ற திருத்தம் 2003இல்தான் வந்தது.

அடுத்து 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். மணமானவர் 7 வருடமும் மணமாகாதவர் 10 வருடமும் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். மனைவியும் வயது வராத பிள்ளைகளும் இங்கேதான் வசித்தார்கள் என்றும் மனுதாரர் நிரூபிக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு போவது நம் வழக்கம். அந்தத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தால், பிரசவத்துக்குப் போய்வந்த மாதங்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். வசித்ததற்குச் சாட்சி எது? தோட்டத்துச் செக்ரோலும் துரை தரும் சான்றும். தொழில் சட்டமும் குடிவரவுச் சட்டமும் அந்த இடத்தில் கைகோத்தன. அவள் வேலை செய்தாள் என்பதும் நாட்டில் இருந்தாள் என்பதும் முதலாளியின் ஒரே புத்தகத்தில் இருந்தன.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டபோது கணக்கு இன்னும் சுருங்கிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த எண்களுக்குள் இருந்த பெண்களிடம் எந்த மேசையிலும் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவர்கள் பேசத் தெரியாதவர்களும் அல்லர். இந்தியரை வெளியேற்றும் பேச்சு எழுந்த காலத்திலேயே மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் அதை எதிர்த்துப் பாடினார், 1940இல் பாட்டுகளைச் சிறுநூலாகவும் வெளியிட்டார்.

சம கூலி வந்த காலத்திலேயே வேறொரு கதவும் அகலத் திறந்தது. தோட்டக் கூலி போதாத வீடுகளிலிருந்தும், கிழக்கின், தெற்கின் வறிய கிராமங்களிலிருந்தும் பெண்கள் வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போனார்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. 1990களில் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்களே.

அங்கே அவர்களை எதிர்கொண்டது கஃபாலா முறை. வீசாவும் இக்காமாவும் கஃபீல் என்ற முதலாளியின் பேரில் தொங்கும். அவர் சம்மதம் இல்லாமல் வேலை மாற முடியாது. வீட்டை விட்டு வெளியேறினால் ‘ஓடிப்போனவள்’ என்று அவர் முறையிடலாம், அந்த நொடியிலிருந்து அவள் சட்டவிரோதமானவள். அவளைக் கொண்டுவர ஏஜென்சிக்குப் பெரும் தொகை கட்டிய முதலாளி, இரண்டு வருடத்துக்கு அவளையே வாங்கிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். துண்டை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அவளுக்காக யாரோ யாருக்கோ கட்டிய பணம் அவள் காலில் விலங்காக விழுகிறது.

மூதூர்ப் பெண் ரிசானா நபீக் 2005இல் சவூதிக்குப் போனபோது அவளுக்கு வயது 17. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். அவள் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்ததற்காக 2013 ஜனவரி 9 அன்று அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு இலங்கை அரசு ‘குடும்பப் பின்னணி அறிக்கை’யைக் கொண்டுவந்தது. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போக முடியாது என்றது. தகப்பனிடம் அப்படி எந்த அறிக்கையும் கேட்கவில்லை. கட்டுப்பட வேண்டியவர் முதலாளி, கட்டுண்டவள் தாய். 2022 ஜூனில், டாலர் தட்டுப்பாடு கழுத்தை நெரித்தபோது, அந்த 5 வயது 2 வயதாகக் குறைந்தது. பிள்ளையின் நலம் என்று சொன்னது எவ்வளவு உண்மை என்பதை அந்த ஒரு திருத்தமே காட்டிவிட்டது.

வளைகுடாவிலும் சட்டங்கள் மாறிவருகின்றன. 2021 மார்ச்சில் சவூதி அரேபியா, தனியார் துறைத் தொழிலாளர்கள் சில நிபந்தனைகளுடன் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேலை மாறலாம் என்றது. வீட்டுப் பணியாளர்களுக்கு அது பொருந்தாது. வீட்டுவேலையும் வேலைதான், மற்றத் தொழிலாளருக்குள்ள அடிப்படை உரிமைகள் இவர்களுக்கும் உண்டு என்று சர்வதேச தொழிலாளர் நிறுவனத்தின் 189ஆவது சமவாயம் 2011இலேயே சொல்லியிருந்தது. முடியாத காரியமும் அல்ல. கத்தார் 2020இல் செய்த மாற்றங்களில் வீட்டுப் பணியாளரையும் சேர்த்துக்கொண்டது. நடைமுறை எப்படி இருந்தாலும், சட்டத்தில் அவர்களை எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே சீர்திருத்தம் என்று ஒரு புதிய சட்டம் வரும்போது அதன் முதல் பக்கத்தில் உள்ள வாக்குறுதிகளோடு நின்றுவிடக் கூடாது. விதிவிலக்குகள் எழுதியிருக்கும் இடத்துக்குப் போய், அங்கே யார் வேலை செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1929இல் அது கொழுந்து மலை, 2021இல் அது சமையலறை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இந்த வேலை பிடிக்கவில்லை என்று ஒரு பெண் எழுந்து போவதற்கு, அவளுடைய கையெழுத்தைத் தவிர இன்னும் யாருடைய கையெழுத்து வேண்டும்? துரை, கங்காணி, கணவன், ஏஜென்ட், கஃபீல், கிராம உத்தியோகத்தர் என்று அந்தப் பட்டியல் நீளும்வரை, துண்டு 1921இல் ஒழிந்தது என்று நம்மால் முழுமனதாகச் சொல்ல முடியாது.