கப்பல் ஏறியவரும் ஜாமீன் நின்றவரும்: அயல்நாட்டுப் பட்டப்படிப்பின் பணவழி

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இரண்டு வகை விளம்பரப் பலகைகள் கண்ணில் படும். ஒன்று, டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்ற மனைகள் விற்பனைக்கு என்கிறது. இன்னொன்று, பிரிட்டனிலோ ஜெர்மனியிலோ முதுகலை படிக்க வழிகாட்டுவதாகச் சொல்கிறது. முதல் பலகையைப் பார்த்து அப்பா வாங்கிப்போட்ட மனைதான், பல வீடுகளில், இரண்டாவது பலகையைப் பார்த்த பிள்ளையை விமானம் ஏற்றுகிறது.

இந்த ஏற்பாட்டுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் வயதில்லை. அதற்கு முன் வெளிநாட்டில் படித்த தமிழர்களுக்குப் பணம் வேறு கைகளிலிருந்து வந்தது. பணம் கொடுத்த கை எதுவோ, அதுவே யார் போகலாம், என்ன படிக்கலாம் என்பதையும் பெருமளவு தீர்மானித்தது.

சொந்தச் சொத்தும் சர்க்கார் பணமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் கடந்து படிக்கச் செல்வது வசதி படைத்த குடும்பங்களின் காரியம். இலங்கைத் தமிழரான முத்து குமாரசுவாமி 1863-இல் லண்டன் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். அவருடைய மருமகன் பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியில் படித்து, 1875-இல் போட்டித் தேர்வு வழியாக இலங்கை சிவில் சேவையில் நுழைந்தார். சென்னை மாகாணத்திலும் இழுப்பு இவை இரண்டும்தான்: பாரிஸ்டர் பட்டம், ஐ.சி.எஸ். பதவி. ஐ.சி.எஸ். தேர்வு 1922 வரை லண்டனில் மட்டுமே நடந்ததால், கப்பல் கட்டணமே முதல் நுழைவுத் தேர்வாக இருந்தது.

அரசு உதவி சொற்பம். வைசிராய் லாரன்ஸ் 1868-இல் இங்கிலாந்தில் படிக்க ஆண்டுக்கு 200 பவுண்டு வீதம் ஒன்பது உதவித்தொகைகளை அறிவித்தார். அத்திட்டம் வெகு சீக்கிரமே கைவிடப்பட்டது.

ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையும் அதற்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்துச் சென்னையில் ஒரு குரல் எழுந்தது. எழுப்பியவர் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த, அதே ஆண்டில் ‘பறையன்’ இதழைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன். பறையர் மகாஜன சபை சார்பில் 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை அவர் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். தேர்வு இங்கே நடந்தால், ஏற்கெனவே கல்வியைக் கைக்குள் வைத்திருந்த சாதிகளே நிர்வாகத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் அச்சம். லண்டன் போகவும் வழியில்லாத, சென்னையில் போட்டியிடவும் பள்ளி இல்லாத மக்களின் கணக்கு அது.

250 பவுண்டின் வரவு செலவு

கும்பகோணத்துக் கணிதமேதை ராமானுஜன் கல்லூரியின் எஃப்.ஏ. தேர்வில் தேறாதவர். ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்து அவரை கேம்பிரிட்ஜுக்கு அனுப்பியது. புறப்படுமுன் குடுமியை எடுத்துவிட்டார். அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாமென்று அம்மாவையும் மனைவியையும் முன்னதாகவே ஊருக்கு அனுப்பிவிட்டார். 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ கப்பல் சென்னையை விட்டுக் கிளம்பியது. அந்த 250-இல் 50 பவுண்டு குடும்பச் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் பங்குக்கு 60 பவுண்டு சேர்த்துக் கொடுத்தது. 1916-இல் ஆராய்ச்சி வழியாக பி.ஏ. பட்டம் கிடைத்தது. படிக்கப் போன பிள்ளையின் பணத்தில் ஒரு பங்கு வீட்டுக்குப் போவது அப்போதே இருந்தது.

சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930 ஜூலை 31-இல் பம்பாயில் கப்பலேறியதும் அரசு உதவித்தொகையில்தான். 1933-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். இப்படி அரசாங்கமும் பல்கலைக்கழகமும் பணம் போட்டபோது, போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய பொறுக்கியெடுத்த சிலர். குடும்பச் சொத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

பெண்களுக்கு வழி வேறு திசையில் திறந்தது. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், ஆசியப் பெண்களுக்கென்றே மிச்சிகன் பல்கலைக்கழகம் வைத்திருந்த பார்பர் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று, 1931-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அழைத்த நாடே செலவையும் ஏற்கும் முறைக்கு இது ஒரு முன்னோடி.

எட்டு டாலர் காலம்

விடுதலைக்குப் பின், அழைத்த நாடே செலவை ஏற்கும் முறையே பெருவழி ஆயிற்று. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால், 1960-களில் வெளிநாடு புறப்பட்டவர்கள் கையில் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டது 8 டாலர் என்பதை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். சொந்த நிலம் எத்தனை ஏக்கர் இருந்தாலும் டாலராக மாற்ற முடியாது. ஆகவே அசிஸ்டன்ட்ஷிப், அதாவது அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஊதியத்தோடு உதவியாளர் பணி, கிடைத்தவரால்தான் போக முடிந்தது. கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, ஆஸ்திரேலியாவில் முதுகலை முடித்து, 1966-இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவரானார். பின்னாளில் கணினித் துறையின் டூரிங் விருதைப் பெற்றார். 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியபின் இந்த வரிசை நீண்டது. ஆய்வகங்களுக்கு ஆள் வேண்டியிருந்ததால் உதவித்தொகை அறிவியலுக்கும் பொறியியலுக்கும் அதிகம் கிடைத்தது. தமிழ்நாட்டுக் குடும்பங்களின் ‘ஃபாரின் படிப்பு’ இந்த இரண்டையும் சுற்றியே உருவானதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்திய அரசு 1954-55-இல் தொடங்கிய தேசிய வெளிநாட்டு உதவித்தொகை, பட்டியல் சாதியினர் உள்ளிட்டோருக்குத் தனி வழியை ஏற்படுத்தியது. ஆனால் இன்றும் ஆண்டுக்கு நாடு முழுவதற்குமாக 125 இடங்கள்தான்.

பத்திரம் போன வழி

1984-85-க்குப் பின் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ரயில் நிலையமான பொத்தேரியில் இன்று பல்கலைக்கழகமாக நிற்கும் எஸ்.ஆர்.எம். 1985-இல் தொடங்கிய கல்லூரி. அசிஸ்டன்ட்ஷிப்புகளின் எண்ணிக்கையை விடப் பட்டதாரிகளின் எண்ணிக்கை பல மடங்கு உயர்ந்துவிட்டது. கட்டணம் கட்டிப் படிக்கும் முதுகலையே மிச்சமிருந்த வழி. 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தபோது அதற்குப் பணமும் பிறந்தது.

அத்திட்டத்தில் பல ஆண்டுகள் 4 லட்சம் ரூபாய் வரை ஈடு தேவைப்படவில்லை, 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கப்பட்டது. அதற்கு மேல் சொத்து அடமானம். வெளிநாட்டுக் கட்டணம் பெரும்பாலும் மூன்றாவது படியில்தான் வந்து நிற்கும். அங்கேதான் மனை உள்ளே வருகிறது. மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, லேஅவுட் அங்கீகாரம் எல்லாவற்றையும் வங்கியின் வக்கீல் பார்த்து லீகல் ஒப்பீனியன் தர வேண்டும். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வரன்முறைத் திட்டம் வந்தது. தாம்பரத்துக்குத் தெற்கே, டி.டி.சி.பி. அங்கீகாரமில்லாத பஞ்சாயத்து அப்ரூவல் மனை வைத்திருந்தவர்களுக்கு அது வீடு கட்டும் பிரச்சினை மட்டுமல்ல. பிள்ளையின் கடனுக்குக் காட்டும் ஈடும் அதுவே.

சொத்தை நம்பிய படிப்பில் அபாயமும் குடும்பத்தின் தலையில்தான். 2022-இல் உக்ரைன் போர் வெடித்ததும் தமிழ்நாட்டு மாணவர் சுமார் 1,900 பேர், பெரும்பாலும் மருத்துவம் படித்தவர்கள், பாதிப் படிப்போடு திரும்பினார்கள்.

மறுபக்கம், ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்கான தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அடமானம் வைக்க மனையே இல்லாத வீட்டுப் பிள்ளைகளையும் இது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

வங்கிக் கடனில் போகிறவர்களின் கணக்கு இப்போது மேலும் இறுகுகிறது. பிரிட்டனில் முதுகலை ஓராண்டு. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணைக்கு விலக்கு உண்டு. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டலாம். படித்து முடித்தவர்கள் அங்கேயே தங்கி வேலை தேட இருந்த இரண்டு ஆண்டு அவகாசத்தை, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்போருக்கு, பிரிட்டன் 18 மாதங்களாகக் குறைக்கிறது. முதல் தவணை விழும்போது பவுண்டில் சம்பாதிக்க ஏறக்குறைய ஆறு மாதம்தான் கையில் இருக்கும். அதற்குள் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் அமையாவிட்டால், மீதித் தவணைகளை இங்குள்ள ரூபாய்ச் சம்பளத்திலிருந்துதான் கட்டியாக வேண்டும்.