பக்கத்து வீட்டுக் கதவையும் திறந்த பட்டன்

கேட் ரிமோட்டின் மூதாதை ஒரு படகு. 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் மிதந்த சிறு படகைக் கம்பியில்லாமலே ஓட்டிக் காட்டினார் நிகோலா டெஸ்லா.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த வித்தை அமெரிக்கக் கார் கொட்டகைகளுக்கு வந்து சேர்ந்தது. ஆரம்ப ரிமோட்டுகளுக்கு ரகசியமே கிடையாது. உரிய அலைவரிசையில் சிக்னல் வந்தால் கதவு திறந்துவிடும், யார் அனுப்பினார்கள் என்ற கேள்வியே இல்லை. ஒரே தெருவில் இருவர் ஒரே கம்பெனி சாதனத்தை வாங்கியிருந்தால், இவர் பட்டனுக்கு அவர் கதவும் திறக்கும். இதற்குப் பரிகாரமாக வந்தவைதான் ரிமோட்டுக்குள் இருந்து குறியீட்டை அமைக்கும் குட்டி டிப் சுவிட்சுகள். 8 சுவிட்சுக்கு 256 குறியீடுகள், 12 என்றால் 4,096.

ஐரோப்பாவில் ரிமோட்டுகள் 433.92 மெகாஹெர்ட்ஸில் குடியேறின. நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் பலவும் அதே ஜாதிதான். 13.56-ஐ 32-ஆல் பெருக்கினால் வரும் எண் இது. அந்த 13.56 வேறு யாருமல்ல, மெட்ரோ ரயில் கார்டைத் தட்டும்போது பேசுகிற அலைவரிசை!

குறியீடு மாறாதவரை, ஒருமுறை ஒட்டுக்கேட்டவன் என்றைக்கும் திறக்கலாம். 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நானோடெக் நிறுவனம் அதற்கு மருந்தாக 'கீலாக்' முறையை உருவாக்கியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 66 பிட்டுகள் பறக்கும். அதில் 32 பிட்டுகள் தடவைக்குத் தடவை மாறும். கதவும் ரிமோட்டும் தனித்தனியே எண்ணிக்கை வைத்திருக்கும். பாக்கெட்டில் தெரியாமல் அழுந்தி ரிமோட் சற்றே முந்திப் போனால் கதவு பொறுத்துக்கொள்ளும். ரொம்ப முந்திவிட்டால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தச் சொல்லிச் சோதிக்கும். 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் இதை வாங்கியது. பிறகு கீலாக் கார் சாவிகளிலும் புகுந்தது.

2004-இல் இரண்டு கூத்துகள். ஸ்கைலிங்க் நிறுவனம் சேம்பர்லின் கதவுகளையும் திறக்கும் மாற்று ரிமோட்டை விற்க, சேம்பர்லின் வழக்குப் போட்டுத் தோற்றது. அதே ஆண்டு ஃபுளோரிடாவின் எக்ளின் விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் கதவுகள் மக்கர் செய்தன. ராணுவத்தின் புதிய ரேடியோ 390 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசத் தொடங்கியிருந்தது. புகார் செய்தும் பயனில்லை: அந்த அலைவரிசை ராணுவத்தின் சொந்த வீடு, ரிமோட்டுகள் அங்கே ஒட்டுக்குடித்தனம்.

2008-இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே கீலாக்கின் சாவியைக் கறந்துவிட்டார்கள். ஆனால் என்னைக் கவர்ந்தவர் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி காம்கர். 2015-இல் மேட்டல் கம்பெனியின் குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாதனம் ஒன்றை மாற்றியமைத்து, பழைய டிப் சுவிட்ச் கதவுகளைப் பத்து விநாடிக்குள் திறந்து காட்டினார். 4,096 குறியீடுகளையும் தனித்தனியே அனுப்பாமல், ஒன்றின் வால் அடுத்ததன் தலையாக வரும்படி கோத்தார். அது டி புரூய்ன் தொடர். சமஸ்கிருத யாப்பு மாணவர்கள் மூன்று அசை கொண்ட எட்டு கணங்களையும் பத்தே அசைகளில் அடக்கி மனப்பாடம் செய்யும் 'யமாதாராஜபானசலகாம்' இதே உத்திதான். காம்கர் தன் நிரலை ஊருக்கே வெளியிட்டார், கள்ளன் அப்படியே எடுத்து ஓட்ட முடியாதபடி வேண்டுமென்றே கொஞ்சம் பழுதாக்கி.