திரித் துப்பாக்கி முதல் போட்டிப் பிஸ்டல் வரை: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் துப்பாக்கித் தேர்வின் வரலாறு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக்குத் துப்பாக்கி பாளையக்காரர்களின் ஆட்களோடு வந்தது. பிறகு வேட்டைக்காரர்கள், பயிர்க்காவல் விவசாயிகள் கைக்குப் போனது. இன்று விளையாட்டு வீரர்களின் கையில் பிஸ்டலாக இருக்கிறது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக உள்ள இந்த நிலப்பகுதி 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இருந்தது. அந்த ஆண்டில் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் அதிலிருந்து பிரிந்து, 2002இல் மீண்டும் சேர்ந்து, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமாயிற்று. யார் எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்பதை இங்கே எல்லாக் காலத்திலும் முதலில் முடிவு செய்தது அரசுதான். சுடுபவரின் தேவையும் கைவாகும் அதற்குப் பிறகே கணக்கில் வந்தன. போட்டிக்குப் பிஸ்டல் வாங்கப் போகிறவர் இன்றும் அதே வரிசையில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்தின் இரண்டு பெரிய பாளையங்கள் அரியலூரும் உடையார்பாளையமும். அரியலூரை மழவராயர்களும், உடையார்பாளையத்தைக் காலாட்கள் தோழ உடையார் என்ற பட்டம் தாங்கியவர்களும் ஆண்டார்கள். பாளையக்காரரின் ஆட்களுக்கு வேலும் வாளும் நெடுங்காலப் பழக்கம். அவற்றோடு சேர்ந்த புதிய ஆயுதம் திரித் துப்பாக்கி. நீளமான இரும்புக் குழல், அதன் பின்புறப் பக்கவாட்டில் சிறு கிண்ணம், அதில் கொஞ்சம் வெடிமருந்து. புகைந்துகொண்டிருக்கும் திரியை விசை கீழே இறக்கினால் கிண்ணத்து மருந்து பற்றி, சிறு துளை வழியாக நெருப்பு குழலுக்குள் போகும். மறைந்திருந்து ஒருமுறை சுட்டுவிட்டு இடம் மாறும் புதர்க்காட்டுச் சண்டைக்கு இது நன்றாக உதவியது. மழை பெய்தால் திரி அணைந்துவிடும். இரவில் திரியின் கங்கு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கருமருந்துக்கு வேண்டியவை மூன்று: வெடியுப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு, மீதிக்குக் கரியும் கந்தகமும்.

கும்பினிச் சிப்பாய்கள் கையில் இருந்தது வேறு வகை. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி பறக்கும் மஸ்கட் அது. முனையில் சனியன் என்ற குத்துக்கத்தியைச் செருகலாம். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதற்காக அமைந்த ஆயுதம் என்பதால் ஒவ்வொருவரும் நுணுக்கமாகக் குறிபார்க்க வேண்டிய தேவை அதில் குறைவு. இத்தகைய படை இந்த மண்ணில் நின்று போரிட்ட முக்கியமான நிகழ்வு 1751இல் வாலிகொண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் நடந்தது. ஆர்க்காட்டு நவாப் பதவிக்காக முகமது அலியும் சந்தா சாகிபும் மோதிய காலம் அது. முகமது அலிக்கு ஆதரவாக கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஆங்கிலப் படை வந்தது. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. சண்டையில் ஆங்கிலத் தரப்பின் ஐரோப்பியச் சிப்பாய்கள் பீதியில் பின்வாங்கினார்கள். படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குத் திரும்பியது. உடனிருந்த இராபர்ட் கிளைவ் அதே ஆண்டில் ஆர்க்காட்டைப் பிடித்துப் பெயர் பெற்றார். எவ்வளவு நல்ல துப்பாக்கியானாலும் பயிற்சியும் மனத்திடமும் இல்லாத கையில் அது உதவாது என்பதற்கு ரஞ்சன்குடிச் சண்டையை விடத் தெளிவான உள்ளூர்ச் சான்று வேண்டியதில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அந்தக் கோட்டையை இன்றும் பார்க்கலாம்.

பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்ததும் தென்மாவட்டப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைச் சென்னை அரசு தடைசெய்து பிரகடனம் வெளியிட்டது. அரியலூரும் உடையார்பாளையமும் படை இல்லாத ஜமீன்களாயின. பிறகு லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நாடு முழுவதும் உரிம முறையைக் கறாராக்கியது. அதில் ஐரோப்பியர்களுக்கும் பட்டம் பெற்ற சில பிரமுகர்களுக்கும் விலக்கு இருந்தது, குடியானவருக்கு இல்லை. ஒரே காட்டில் வேட்டையாடிய இருவரில் ஒருவருக்குக் காகிதம் வேண்டாம், மற்றவருக்கு வேண்டும் என்ற இந்த அநீதி தேசிய இயக்கத்தின் நெடுநாள் குறைகளில் ஒன்றாக இருந்தது.

இப்படி உரிமம் பெற்றுக் கிராமங்களில் புழங்கியது நாட்டுத் துப்பாக்கி. ஒற்றைக் குழல், வாய்வழியாக மருந்து கெட்டிப்பது. திரியும் சக்கிமுக்கிக் கல்லும் போய் இதில் கேப்பு, அதாவது அடிபட்டதும் நெருப்புத் தரும் சிறு உலோகத் தொப்பி, வந்திருந்தது. முதலில் அளவு பார்த்துக் கருமருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். மேலே தேங்காய் நாரோ துணியோ வைத்து நீண்ட கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். அப்புறம் ஈய ரவை, அது உருண்டு வெளியே வராமல் இருக்க இன்னொரு அடைப்பு. கடைசியில்தான் குதிரையைப் பின்னுக்கு இழுத்து, குழலின் பின்முனையில் உள்ள காம்பில் கேப்பைப் பொருத்துவது. கேப்பை முன்பே பொருத்திவிட்டு மருந்து கெட்டிக்கப் போனவர் கையை இழந்தாலும் வியப்பில்லை. வரிசை மாறக் கூடாது என்பது இந்தத் தொழிலில் அப்பனிடமிருந்து பிள்ளை கற்கும் முதல் பாடம். மருந்து அதிகமானால் குழல் வெடிக்கும், குறைந்தால் ரவை போய்ச் சேராது. கௌதாரிக்குச் சிறு ரவை, பன்றிக்குப் பெருங்குண்டு என்று இரைக்கேற்ப நிரப்புவதும் இங்கே தேர்வின் ஒரு பகுதி.

இந்தத் துப்பாக்கியோடு வாழ்க்கையே பிணைந்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரிலும் மலையப்ப நகரிலும் அவர்களுடைய குடியிருப்புகள் உள்ளன. வரகும் சோளமும் கடலையும் விளைந்த மானாவாரிக் காடுகளில் முயலும் காடையும் கௌதாரியும் அவர்களுடைய இரை; பயிரை அழித்த விலங்குகளை விரட்டித் தந்ததால் விவசாயிகளும் அவர்களை வரவேற்றார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அந்தத் தொழில் சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டது. பாசிமணி, ஊசி விற்பனை அவர்களுடைய முழுநேரப் பிழைப்பாயிற்று. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது. இயற்கைக்கு அது நன்மை, சந்தேகமில்லை. ஆனால் வேட்டையை நிறுத்தச் சொன்ன அரசு, வேட்டைக்காரர்களுக்கு மாற்றுத் தொழில் தருவதில் அந்த வேகத்தைக் காட்டவில்லை. பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட்டது 2023 ஜனவரியில்தான்.

விடுதலைக்குப் பின் 1959இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம் 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி தடைசெய்யப்பட்ட வாய்விட்டம், தடைசெய்யப்படாத வாய்விட்டம் என்று துப்பாக்கிகள் இரண்டாகப் பிரிந்தன. ராணுவமும் காவல் துறையும் பயன்படுத்தும் 9 மி.மீ. பிஸ்டல், .38, .455 கைத்துப்பாக்கிகள், .303 ரைபிள் ஆகியவை முதல் வகை. .22, .32 போன்றவை இரண்டாம் வகை. அவற்றுக்கான உரிமத்தை மாவட்ட ஆட்சியரிடம் கேட்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் உரிமம் உள்ளவர்கள் அவற்றைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குவது இரண்டு மாவட்டங்களிலும் வழக்கம்.

விளையாட்டாகத் துப்பாக்கி சுடுவதற்கு இந்தியாவில் அமைப்பு வடிவம் தந்தது தேசிய ரைபிள் சங்கம். மக்களவையின் முதல் சபாநாயகர் ஜி. வி. மாவளங்கர் தலைமையில் 1951இல் அது தோன்றியது. பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்கு அருகில் உள்ள பெரிய மையம் திருச்சி. 47ஆவது தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி 2022 ஜூலையில் அங்குதான் நடந்தது. நடிகர் அஜித் குமார் பிஸ்டல் பிரிவுகளில் கலந்துகொண்டதால் இந்த விளையாட்டைப் பற்றி அதுவரை கேள்விப்படாத பலரும் பேசினார்கள். பாளையக்காரர் மரபோடு தொடர்பும் இன்னும் அறுந்துவிடவில்லை: புதுக்கோட்டைத் தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் இந்தியாவுக்காகச் சுட்டார்.

ஓடி, திரும்பி, மறைவிலிருந்து எட்டிப் பார்த்துப் பல இலக்குகளைச் சுடும் நடைமுறைத் துப்பாக்கிப் போட்டி வேறு பிறப்பு. அமெரிக்காவில் 1950களில் ஜெஃப் கூப்பர் என்ற முன்னாள் மரைன் படை அதிகாரியும் அவருடைய நண்பர்களும் நடத்திய போட்டிகளிலிருந்து வளர்ந்து, 1976இல் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் சர்வதேசக் கூட்டமைப்பாக அது உருவெடுத்தது. இதில் எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். குறி தப்பாமல் மெதுவாகச் சுட்டாலும் தோல்வி, வேகமாகச் சுட்டுக் குறி தப்பினாலும் தோல்வி. குண்டின் வலுவுக்கும் ஒரு கணக்கு உண்டு. கிரெய்ன் அளவில் குண்டின் எடையை, நொடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி, 1,000ஆல் வகுத்தால் குறைந்தது 125 வர வேண்டும். 124 கிரெய்ன் எடையுள்ள 9 மி.மீ. குண்டு நொடிக்கு 1,010 அடி வேகத்தில் போனால் இந்த வரம்பை ஒட்டித் தேறிவிடும்.

அந்தப் போட்டியில் புதியவர்கள் நிற்கும் புரொடக்‌ஷன் பிரிவில் இரண்டு வகைப் பிஸ்டல்கள் அதிகம் தெரியும். செக் நாட்டு சி.இசட். ஷேடோ 2 முழு எஃகு, 1.3 கிலோவுக்கு மேல் எடை. அந்தக் கனமே உதையை விழுங்கிக்கொள்வதால் அடுத்த குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பும். ஆனால் முதல் இழுப்பு கனமாகவும் அடுத்தவை லேசாகவும் இருக்கும். அந்த மாற்றத்துக்கு விரல் பழக வேண்டும். ஆஸ்திரியாவின் க்ளாக் 17 பிளாஸ்டிக் உடலோடு ஏறத்தாழ அதில் பாதி எடைதான். ஒவ்வொரு இழுப்பும் ஒரே மாதிரி, பராமரிப்பும் குறைவு. உதை மட்டும் கையில் நன்றாகத் தெரியும். போட்டிக்கு மட்டும் என்றால் கனமானதே மேல்.

இந்தத் தேர்வு இந்தியக் குடிமகனுக்கு ஏட்டளவில்தான். 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட வாய்விட்டம். பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதியும் 1980களின் நடுவிலிருந்து அடைபட்டுவிட்டது. உயர்மட்டத்தில் தகுதி காட்டிய வீரர்களுக்கே அந்த வழி திறந்திருக்கிறது. உள்நாட்டுப் படைக்கலத் தொழிற்சாலைகள் விற்கும் .32 ரிவால்வரை எடுத்துக்கொண்டால், 98 கிரெய்ன் குண்டு நொடிக்கு 700 அடி என்ற கணக்கில், 125 வேண்டிய இடத்தில் 70ஐக்கூட எட்டாது. அஷானி என்ற .32 பிஸ்டலும் அப்படியே. சர்வதேச விதியில் 9 மி.மீ.க்குக் குறைந்த வாய்விட்டத்துக்கு இடமும் இல்லை. தற்காப்பு உரிமத்தில் வாங்கிய .32ஐ எடுத்துக்கொண்டு நடைமுறைப் போட்டிக்குப் போகலாம் என்று எண்ணுகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது இதைத்தான்.

அந்த விளையாட்டின் வேகத்தை விரும்புகிறவருக்கு ஒலிம்பிக் மரபில் நெருங்கிய உறவுகள் உண்டு. 25 மீட்டர் ஸ்டாண்டர்டு பிஸ்டலில் ஐந்து குண்டுகளை 150, 20, 10 நொடி வரம்புகளுக்குள் சுட வேண்டும். ரேபிட் ஃபயரில் ஐந்து தனித்தனி இலக்குகளுக்கு 8, 6, 4 நொடிகள். இரண்டுக்கும் .22 போதும், உரிமம் இருந்தால் சட்டமும் குறுக்கே நிற்காது, தோட்டாவும் மற்றவற்றை விட மலிவு. சென்டர் ஃபயர் பிரிவில் .32க்கும் இடம் உண்டு, ஆனால் அதற்கென்று செய்த இலக்குப் பிஸ்டலாக இருக்க வேண்டும். இடுப்பில் செருகும் ரிவால்வர் எடுபடாது. இந்த 25 மீட்டர் பிஸ்டல்களின் எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது, விசை இழுப்பு 1,000 கிராமுக்குக் குறையக் கூடாது.

பார்டினி, வால்தர், மோரினி, ஸ்டெயர், ஃபைன்வெர்க்பாவ் என்று பெயர்களை அடுக்கி விவாதிப்பவர்கள் பலர். பிஸ்டலைக் கடைசியில் தீர்மானிப்பது பிடிதான். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, கண்ணைத் திறக்கும்போது முன்குறியும் பின்குறியும் தாமாகவே ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருந்தால் அந்தப் பிடி அந்தக் கைக்கு அளவாக இல்லை. ஆட்காட்டி விரலின் நுனிச் சதை விசையில் படும்போது விரலின் மற்ற பகுதி மரத்தில் உரசக் கூடாது. வலக்கைக்காரருக்கு இடக்கண் மேலோங்கியிருப்பதும் உண்டு. அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பயிற்சியாளரிடம் சோதித்துக்கொள்வது நல்லது. உதிரிப் பாகமும் பழுது பார்ப்பவரும் திருச்சியிலோ சென்னையிலோ கிடைக்காத அபூர்வப் பிஸ்டலை வாங்குவது வீண் செலவு.

இடமும் முக்கியம். பெரம்பலூர் மாவட்டத்து நாரணமங்கலத்தில் பாதுகாப்புப் படையினருக்கான சுடுதளம் இருக்கிறது. அது குடிமக்களின் விளையாட்டுக்கு உரியதல்ல. புதுக்கோட்டை மாவட்டத்தில் நார்த்தாமலை அருகே 2021 டிசம்பரில் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. திறந்த வெளியில், தடுப்பு மண்மேடு இல்லாத இடத்தில், உரிமம் இருக்கிறது என்ற துணிவில் சுட்டுப் பழகுவது எந்த நிலையிலும் கூடாது.

ஆகவே இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்து பிஸ்டல் விளையாட்டுக்கு வர விரும்பும் இளைஞர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குவதே சரி. 4.5 மி.மீ. வாய்விட்டமும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி விதியில் அதன் எடை 1,500 கிராம் வரை, விசை இழுப்பு குறைந்தது 500 கிராம். சுவரும் தடுப்பும் சரியாக அமைந்த பள்ளியின் கூடம் ஒன்றிலேயே தளம் போட்டுவிடலாம். பெரம்பலூரிலும் அரியலூரிலும் உள்ள பள்ளி, கல்லூரி நிர்வாகங்கள் இதை முன்வந்து செய்ய வேண்டும்.