கட்டுவதா, காத்திருப்பதா: ஒரு கால்நடை மருத்துவ இடமும் நம் பழைய கணக்கும்

போன ஆவணியில் ஆவடி பக்கம் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். வெளிமாநிலத்தில் ஒரு தனியார் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது, பத்து நாளுக்குள் முதல் தவணை கட்ட வேண்டும் என்று செய்தி வந்திருக்கிறது. ஐந்தரை வருடத்துக்கும் சேர்த்து 18 லட்சம், விடுதி தனி. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார், காண்ட்ராக்ட்தான். அம்மா வீட்டுவேலை. கையில் இருப்பது ஒன்றரை சென்ட் வீட்டுமனைப் பட்டா ஒன்று.

"பட்டாவை வச்சா கொடுப்பாங்களாம் மேடம். கட்டிடலாமா, இல்ல அடுத்த வருஷம் திரும்பப் போடலாமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்றார் அம்மா.

நான் படித்தது சமூகவியல். அன்றைக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இன்னும் நாலைந்து பிள்ளைகள் என்னிடம் வந்துவிட்டார்கள்.

அந்தப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா, ஊரில் மாடு செத்தால் இழுத்துப் போனவர். தோலை உரித்து, எலும்பைப் பிரித்து, எந்த மாடு எதனால் செத்தது என்று குடலைப் பார்த்தே சொல்வாராம். அந்த அறிவுக்கு ஊர் கொடுத்த பெயர் தீட்டு. அதே அறிவுக்கு 1903 அக்டோபர் 1ஆம் தேதி வேப்பேரியில் 'டாபின் ஹால்' என்ற சின்னக் கட்டடத்தில் 20 மாணவர்களோடு கல்லூரி தொடங்கியபோது அது விஞ்ஞானம் ஆனது. 1936ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் பட்டப்படிப்பும் ஆனது. நாட்டிலேயே கால்நடை மருத்துவத்தில் முதல் பட்டப்படிப்பு அதுதான். இப்போது மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, 1989ல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. ஆவடியில் மின்சார ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வேப்பேரிப் பக்கம் இறங்கிவிடலாம். நம் ஆட்கள் ஆட்டையும் நாயையும் தூக்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான். வாசல் வரைக்கும் தெரிந்த இடம். உள்ளே உட்காரும் இடத்துக்குத்தான் இத்தனை தகராறு.

அந்தத் தகராறு பழையது. சென்னை மாகாணத்து வகுப்புவாரி அரசாணைப்படி, தொழிற்கல்லூரிகளில் 14 இடம் இருந்தால் அதில் 2 இடம் நமக்கு. இந்த முறையை எதிர்த்து வந்த செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைத் தள்ளிவிட்டது. அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பைப் படித்தவர்களுக்குத் தெரியும். விண்ணப்பம் போடாதவரின் வழக்கால் இடஒதுக்கீடு போனது. போராட்டம் வெடித்த பிறகு அதே ஆண்டு அரசமைப்பைத் திருத்தி 15(4) கொண்டுவர வேண்டியிருந்தது. இன்று தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் 2009ல் வந்த அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 சதவீதம். 2021லிருந்து அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்தவர்களுக்கு கால்நடை மருத்துவத்திலும் 7.5 சதவீதம்.

இந்த 7.5 நம் பிள்ளைக்குக் கிடையாது. இங்கிலீஷ் வேண்டும் என்று அப்பா ஓவர்டைம் பார்த்து, மாதக் கட்டணம் கட்டி, தெருமுனை மெட்ரிக் பள்ளியில் சேர்த்திருந்தார். பிள்ளைக்கு நல்லது என்று செய்ததே அவளை அந்த வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டது. அவரிடம் இதைச் சொல்லும்போது எனக்கு வாய் வரவில்லை.

சரி, பணம். ஆதிதிராவிடப் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் உண்டே என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. அதை வாங்கித் தந்தவர் அம்பேத்கர். வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது 1942ல் கோரிக்கை மனு கொடுத்து, ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்க வைத்தார். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கான உதவித்தொகை அப்படித்தான் 1944ல் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2012ல் வந்த அரசாணை 92ம் அந்த வேரில் வந்ததுதான். ஆனால் 2018ல் ஒன்றிய அரசு விதியை மாற்றி, நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று எழுதிவிட்டது. கையில் இருக்கும் அந்த 18 லட்சம் இடம் அந்த ரகம். கல்லூரி ஏஜெண்டு இதைச் சொல்லவில்லை. "எஸ்சி சர்டிபிகேட் இருக்குல்ல, வந்துடும்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தம்பி தங்கைகளே, சேருமுன் 'எந்த ஒதுக்கீடு' என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பி பட்டா போன வீடுகளை எனக்குத் தெரியும்.

அப்படியானால் காத்திருக்கலாமா? இதற்குத்தான் நான் வரலாற்றுக்குப் போனேன்.

அம்பேத்கர் 1913ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டு, கொலம்பியாவுக்குப் போனார். அங்கிருந்து லண்டன். படிப்பு பாதியில் இருக்கும்போது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917ல் திரும்பி வர வேண்டியதாயிற்று. நாம் அவரைக் கோட்டும் கண்ணாடியுமாகவே பார்த்துப் பழகியதால் இந்த மூன்று வருடத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். பரோடாவில் வேலை, தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து துரத்தல், பம்பாயில் டியூஷன், பிறகு 1918 நவம்பரிலிருந்து சிடன்ஹாம் கல்லூரியில் வாத்தியார். சம்பளத்தை மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1920ல் மறுபடி லண்டன் போய், விட்ட இடத்தில் தொடங்கி, 1923ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

இதில் நான் கவனித்தது ஒன்று. கிளம்பும்போதே, நான்கு வருடத்துக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். அவர் காத்திருப்புக்கு ஒரு கடைசித் தேதி இருந்தது. கடனும் வாங்கினார், ஆனால் கழுத்தைப் பிடிக்காத ஆளிடம்.

எங்கள் காத்திருப்புக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தோம். தமிழ்நாட்டு இடங்களுக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கு. அவள் மதிப்பெண் அடுத்த வருடம் கூடப்போவதில்லை. அதே எண்ணோடு மறுபடி நிற்பதைத் திட்டம் என்று சொல்ல முடியாது, லாட்டரி என்று சொல்லலாம். கூடக்கூடியது நீட் மதிப்பெண். அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 சதவீத இடங்களுக்கு அதுதான் கணக்கு. அரசுக் கல்லூரிக் கட்டணம், ஸ்காலர்ஷிப்பும் பொருந்தும். ஆக, காத்திருப்பது என்றால் ஒரு வருடம் நீட்டுக்குப் படிப்பது. அதற்கும் பணம் வேண்டும், ஆனால் அது பட்டா விலை இல்லை.

"கட்ட வேண்டாம்" என்றேன். இதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பெண் பிள்ளைக்கு ஒரு வருட இடைவெளி என்றால் சொந்தக்காரர்கள் மாப்பிள்ளையோடு வந்துவிடுவார்கள். பையன் என்றால் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு ஷெட்டில் நின்றுவிடுவான், அப்புறம் புத்தகத்துக்குத் திரும்புவது கஷ்டம். காசு உள்ள வீட்டில் அந்த வருடத்துக்கு 'டிராப்' என்று பெயர். நம் வீட்டில் அதற்குப் பெயரே 'சும்மா இருக்கா'தான். அதனால் மூன்று பேரையும் உட்காரவைத்து எழுதினோம்: அடுத்த நீட் வரை கல்யாணப் பேச்சு இல்லை. ஒரே முயற்சி. வரவில்லை என்றால் மூன்றாம் வருடம் கிடையாது, விலங்கியல் பட்டப்படிப்பில் சேர்வது. அதற்கான விண்ணப்பத்தையும் நேரத்தில் போடுவது.

லண்டன் கதையைப் பிள்ளையிடமும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அவரு திரும்பப் போனப்போ ரமாபாய் என்னக்கா பண்ணாங்க?" என்றாள். பம்பாயில் வறுமையோடு குடும்பத்தை ஓட்டினார் என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சீட்டுப் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

பத்தாவது நாள் தாண்டியது. ஏஜெண்டு இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. பிள்ளை இப்போது காலையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து நூலகத்தில் படிக்கிறாள், மாலையில் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு டியூஷன் எடுக்கிறாள். பட்டா பீரோவில்தான் இருக்கிறது.