சபுராளியின் பெட்டி

தமிழக முஸ்லிம்களின் கடல் வாழ்வை எழுத முற்பட்டோர் கப்பலைப் பற்றி எழுதினர். துறைமுகங்களைப் பற்றி எழுதினர். அக்கரையில் நம்மவர் எழுப்பிய பள்ளிவாசல்களைப் பற்றியும் நிறையவே எழுதினர். ஆனால் கப்பலேறியவன் தன்னோடு சுமந்து சென்ற பெட்டியைப் பற்றி அதிகம் எழுதினாரில்லை. மலாய் மக்கள் அதனை மறக்கவில்லை. பெட்டியை அவர்கள் இன்றும் ‘பெத்தி’ என்றே வழங்குகின்றனர். கப்பலும் கடையும் அவ்வாறே தமிழிலிருந்து அம்மொழியில் குடியேறிய சொற்கள். மலாய் ஆடவர் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்கு அவர்கள் இட்ட பெயரோ பழவேற்காட்டின் பெயர்; ‘காயின் பெலிக்காட்’ என்பர். பெட்டியும் அதனுள் இருந்த துணியும் தம் பெயர்களோடு அங்கே இறங்கியிருக்கின்றன!

பினாங்குத் தீவில் ஆங்கிலக் கம்பெனியின் கொடியை பிரான்சிஸ் லைட் ஏற்றியது 1786-இல். எட்டே ஆண்டுகளில், 1794-இல், அத்தீவின் மக்களைப் பற்றி அவர் மேலிடத்துக்குத் தெரிவித்த செய்தி நமக்கு மிகவும் வேண்டியது. சோழமண்டலக் கரையின் துறைகளிலிருந்து வந்த சூலியர் ஆயிரம் பேரளவில் அங்கே தங்கியிருந்தனர். கடைகாரரும் கூலிவேலை செய்வோருமாக இருந்த அவர்களுள் சிலரே குடும்பத்தோடு இருந்தனர். இவர்களன்றி, ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பல்களில் வந்து, சில வெள்ளிகளைத் தேடிக்கொண்டு ஊர் திரும்பினர்; அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வந்தனர். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு நம் கடற்கரை ஊர்களின் வாழ்க்கை எப்படி நடந்தது என்பதன் சுருக்கம் இதுவே. ஆகவேதான் நம்மவர் இதனைக் குடிபெயர்வு என்று சொல்லாமல் ‘சபர்’ என்றனர். போனவன் ‘சபுராளி’ ஆனான். அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். பயணம் என்றால் திரும்புதலும் அதில் அடங்கும்.

ஏன் ஆடவர் மட்டும் சென்றனர்? வறுமை, செலவு, கடலச்சம் என்று பலவும் சொல்லலாம். எனக்குப் படுவது வேறொன்று. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமாகும் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். வீடு பெண்ணுடையது; மருமகன்தான் அவ்வீட்டுக்கு வந்து சேர்வான். தாயும் மகளும் அக்கா தங்கையரும் அருகருகே வாழ்ந்த அத்தகைய தெருவில், ஆடவன் இரண்டு மூன்று ஆண்டுகள் இல்லாவிட்டாலும் குடும்பம் குலைவதில்லை. வீடு அசையாது, ஆடவன்தான் அசைவான். எனவே அவன் பெட்டி ஒற்றை ஆளின் பெட்டியாகவே இருந்தது.

அந்தப் பெட்டியைக் கட்டியவர்கள் பெண்கள். பயண நாள் குறிக்கப்பட்டதுமே வீட்டில் வேலை தொடங்கிவிடும். மிளகாயும் மல்லியும் மஞ்சளும் காயவைத்து இடித்துச் சலிக்க வேண்டும். எலுமிச்சை ஊறுகாய் முன்கூட்டியே போட்டால்தான் பயணத்துக்குள் ஊறும்; கடலில் தலைசுற்றிக் குமட்டும்போது கைகொடுப்பது அதுவே. அரிசி மாவை வறுத்துத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் ஓட்டுமா நாள்பட இருக்கும்; முறுக்கும் அப்படியே. இவற்றைத் தகர டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றித் துணியால் இறுக்குவார்கள். எண்ணெய் கசிந்து வேட்டியில் படியாதிருக்க இதில் மிகுந்த கவனம் வேண்டும். கருவாட்டை மட்டும் பெட்டிக்குள் விடுவதில்லை. அது தனி மூட்டை. துணிமணிகளோ அதிகமில்லை: சில கைலிகள், சட்டைகள், தொப்பி, தொழுகைக்கென்று ஒரு விரிப்பு. கப்பல் தளத்தில் விரிக்கக் கோரைப்பாயும் தலையணையும் தனியே சுருட்டிக் கட்டப்படும். பெட்டி மூடியில் பெயரும் இறங்கவேண்டிய துறையும் வண்ணத்தால் எழுதப்படும்.

ஆனால் பெட்டியில் பாதி இடம் அவனுடையதன்று. இன்னார் மகன் பினாங்குக்குப் போகிறான் என்ற செய்தி தெருவில் பரவியதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் வந்து சேரும். அடுத்த வீட்டு லாத்தா தன் மகனுக்கு ஊறுகாய் கொடுப்பார். எதிர்வீட்டுப் பெரியம்மா தம் பேரனுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். இன்னொருத்தி, கணவன் இன்னும் கண்ணால் காணாத பிள்ளையின் புகைப்படத்தை உறையில் வைத்து ஒட்டித் தருவாள். “வாப்பா, இதை அவன் கையிலேயே கொடுத்திடணும்” என்ற சொல்லோடு வருவது எதுவும் அமானிதம். இடமில்லை என்று சொல்ல வாய் எழாது. தன் சட்டை ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு அதனை உள்ளே வைத்தவர்கள் உண்டு. அஞ்சலும் உண்டியலும் நன்கு நடந்த காலத்திலும் இவ்வழக்கம் நின்றதில்லை. அஞ்சல் கொண்டுசேர்க்கும், ஆனால் ‘உன் தாயை நான் பார்த்தேன், நலமாக இருக்கிறார்’ என்று அது சொல்லாதே!

பெட்டியில் ஏடுகளும் சென்றன. திருக்குர்ஆனோடு மாலைகளும் முனாஜாத்துகளும் சென்றன. இது வெறும் ஊகமன்று. சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களுள் மிகப் பழையதென அறியப்படும் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872-இல் வெளிவந்தது. அதனைப் பாடியவர் நாகூர் முகம்மது அப்துல் காதிர்ப் புலவர். ஊரில் பாடிய இறைஞ்சுதலையே அங்கும் தேடினர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1887-இல், மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ இதழைத் தொடங்கியபோது அதற்கு வாசகர்கள் காத்திருந்தனர்.

புறப்படும் நாளில் இரண்டு ரக்அத் தொழுது, துஆ ஓதி, வீட்டாரிடம் விடைபெறுவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறுவோருள் பலர் நாகூருக்குச் சென்று வந்த பின்னரே துறைக்கு வருவர். சிங்கப்பூரிலும் பினாங்கின் சூலியா வீதியிலும் நாகூர் தர்காவின் நினைவாக எழுந்த கட்டடங்கள் இந்தப் பயணிகளின் நேர்ச்சையை நமக்கு உணர்த்துவன. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை அணையாது. கடலில் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பெட்டியும் ஆளும் தோணியில் சென்றுதான் ஏறவேண்டும். வழியனுப்ப வந்தவர்கள் கரையிலேயே நின்றுவிடுவர்.

அக்கப்பல்களுள் நம் மக்கள் வாயில் இன்றும் வழங்குவது ‘ரஜூலா’. 1926-இல் கட்டப்பட்ட அது, சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றத்தக்கதாக அது அமைக்கப்பட்டது. அத்தனை பேருக்கும் நடுவே தனக்கென ஓரிடத்தை வரையறுத்துக் கொள்ள ஒருவனிடம் இருந்தது பெட்டியே. அதனைத் தலைமாட்டில் வைத்துப் பாயை விரித்தால் அதுவே அவன் வீடு. அக்கரையில் நோய்த்தடுப்பு முகாம்கள் காத்திருந்தன: பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவு, சிங்கப்பூருக்கு செயின்ட் ஜான்ஸ் தீவு. மேல்வகுப்புப் பயணிகளுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. தளப் பயணிகளுக்கே இது. பெட்டியைத் திறந்து துணிகளை ஆவியில் காட்டினர். மனைவி மடித்து வைத்த மடிப்பு அங்கேதான் கலைந்தது.

1941 டிசம்பரில் பினாங்கில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. போர் முடியும்வரை கப்பலுமில்லை, பணமுமில்லை, கடிதமுமில்லை. கணவன் உயிரோடிருக்கிறானா என்பதறியாமல் மூன்றரை ஆண்டுகள் கழித்த வீடுகள் நம் ஊர்களில் தெருத்தோறும் இருந்தன.

போருக்குப் பின் கப்பல் மறுபடி ஓடிற்று. ஆனால் பெட்டியில் முதன்மையான பொருள் மாறிவிட்டது. அதுவரை பிரிட்டிஷ் இந்தியக் குடிகளுக்கு அந்நாட்டினுள் நுழைவதில் பெரிய தடை இருந்ததில்லை. 1953 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கதவை ஒடுக்கியது. 1959-இல் வந்த கட்டுப்பாடு இன்னும் கடுமையானது: கணவனைப் பிரிந்து ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஊரில் வாழ்ந்த மனைவி, அவனோடு சேர அங்கு நுழைய முடியாது. நூற்றைம்பது ஆண்டுகளாக நம் குடும்பங்களைக் காத்துவந்த ஏற்பாடு, ஒரு சட்டத்தின் முன் குற்றம்போல் ஆகிவிட்டது. வீட்டைக் காத்திருந்தவள் என்பதாலேயே அவளுக்கு வழியில்லை! சட்டம் இயற்றியவர்களுக்கு அவரவர் நாட்டின் நியாயம் இருந்திருக்கலாம். ஆயினும் ‘சபர்’ என்ற சொல்லின் பொருளை அவர்கள் அறிந்திருக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

இங்கே கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து முஸ்லிம்களை நினைக்காதிருக்க முடியாது. நெசவுத்தொழில் நலிந்து சிங்கப்பூர் சென்ற அவர்கள், மற்ற ஊராரைப் போலன்றிப் பெண்டு பிள்ளைகளையும் அழைத்துச் சென்றனர். அவர்கள் கட்டியது ஒற்றைப் பெட்டியன்று. ஒரு குடும்பத்தின் மூட்டை முடிச்சு. தஞ்சோங் பகாரில் ஒன்றாக வாழ்ந்த அவர்கள் 1941-இலேயே தமக்கென்று ஒரு சங்கமும் கண்டனர். குடிநுழைவுச் சட்டங்கள் வந்தபோது அவர்களுள் பலரின் மனைவி மக்கள் கதவுக்கு உள்ளே இருந்தனர். கடற்கரை ஊராரின் மனைவி மக்களோ வெளியே.

1969-இல் மலேசியாவில் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பெட்டிகள் கூட்டமாகத் திரும்பின. கோடாலித் தைலமும் பத்திக் கைலியும் பீங்கான் மங்கும் நிறைந்து வந்த பெட்டிகள் முன்பு உண்டு. இவை அத்தகையன அல்ல. 1973-இல் ரஜூலா ஓய்ந்தது. அவ்விடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து வரும் வழியில் தீப்பற்றியது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அத்தோடு நம் கரைக்கும் அக்கரைக்கும் இடையே நடந்த பயணிகள் கப்பல் ஓட்டம் முடிவுற்றது. இப்போது விமான நிலையத் தராசு கிலோக் கணக்கில் பெட்டியை முடிவு செய்கிறது.

பழைய தகரப் பெட்டிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. இரும்புக் கடைக்குப் போனவையும் மிகுதி. அவற்றின் அடியில் பெரும்பாலும் கடிதக்கட்டு ஒன்று இருக்கும். பெண்கள் எழுதியவை பல அரபுத்தமிழில் இருக்கும். வீட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு அந்த எழுத்துத் தெரியாது. ஆனால் பழைய மாலைகளை அவ்வெழுத்தில் தடையின்றி ஓதும் மூதாட்டியர் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். பெட்டியை விற்குமுன் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து அக்கடிதங்களைப் படிக்கச் சொல்லி, பிள்ளைகள் தமிழெழுத்தில் எழுதிக்கொள்வார்களாக.