டர்ஃப்ல விளையாடுறீங்களா? ஷூவுக்குள்ள வர்ற கறுப்பு குருணை என்ன தெரியுமா? செயற்கைப் புல் உருவாகும் கதை!

வேலை முடிந்து நண்பர்களோடு டர்ஃப் புக் பண்ணி, ஒரு மணி நேரம் ஃபுட்பால் ஆடிவிட்டு வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினால், தரையில் கடுகு மாதிரி கறுப்பாக ஏதோ கொட்டும். மண்ணு என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடுவோம். அது மண் இல்லை. பெரும்பாலும் பழைய டயரை அரைத்து எடுத்த ரப்பர்.

இந்தக் குருணையை 2031 அக்டோபருக்குப் பிறகு விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது. அதனால், 'குருணை இல்லாமல் டர்ஃப் செய்ய முடியுமா?' என்பதுதான் இந்தத் தொழிலில் இன்றைக்குப் பெரிய கேள்வி. டர்ஃப் எப்படித் தயாராகிறது, குருணை ஏன் வந்தது, அடுத்து என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

டர்ஃப் என்பது புல்லா, கார்ப்பெட்டா?

சந்தேகமே வேண்டாம், கார்ப்பெட்தான். ஹோட்டல் வரவேற்பறையில் விரித்திருக்கும் கார்ப்பெட்டும் நீங்கள் விளையாடும் டர்ஃபும் ஒரே மாதிரியான இயந்திரத்தில் பிறந்தவை. அந்தத் தொழில்நுட்பத்தின் பெயர் டஃப்டிங்.

இதன் தொடக்கம் ஒரு பெட்ஷீட். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் டால்டன் என்று ஒரு ஊர். அங்கே கேத்தரின் எவன்ஸ் என்ற இளம்பெண், துணியில் தடிமனான நூலைக் கோத்து, நுனியை வெட்டிக் குஞ்சம் குஞ்சமாக நிற்கவைக்கும் பழைய கைவேலையை 1895-ல் செய்து பார்த்தார். 1900-ல் அப்படி ஒரு படுக்கை விரிப்பை இரண்டரை டாலருக்கு விற்றார். அக்கம்பக்கத்துப் பெண்களும் கற்றுக்கொள்ள, அது வீட்டுத் தொழிலானது. பிறகு கைவேலை இயந்திரமாக மாறியது, படுக்கை விரிப்பு கார்ப்பெட்டாக மாறியது. இன்றைக்கு டால்டனுக்கு 'உலகின் கார்ப்பெட் தலைநகர்' என்றே பெயர்.

ஃபேக்டரியில் எப்படிச் செய்கிறார்கள்?

1. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, பச்சை நிறமும் வெயிலில் சீக்கிரம் நைந்து போகாமல் காக்கும் ரசாயனமும் சேர்ப்பார்கள். அதைச் சின்னச் சின்ன துளைகள் வழியாக இடியாப்பம் பிழிவது போலப் பிழிந்து, குளிரவைத்து, இழுத்தால் நீளமான நார் கிடைக்கும்.

2. நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே வரிசையில் இருக்கும் ராட்சத தையல் மெஷின்தான் டஃப்டிங் மெஷின். அடித்துணி ஒன்றில் இந்த நாரை ஊசிகள் குத்தி இறக்கும். கீழே ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும், ஒரு கத்தி வெட்டிவிடும். நார் புல் மாதிரி நிமிர்ந்து நிற்கும்.

3. இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரக் கூடாதே? அதற்காக அடிப்பக்கத்தில் லேட்டக்ஸ் அல்லது பாலியூரிதேன் பூசி அடுப்பில் காயவைப்பார்கள். மழைநீர் இறங்க ஓட்டை போடுவார்கள்.

4. சுமார் 4 மீட்டர் அகல ரோலாகச் சுருட்டி மைதானத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பாய் விரிப்பது போல விரித்து, ஓரங்களை ஒட்டுவார்கள்.

முதல் டர்ஃப் எங்கே போட்டார்கள்?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாகாணத்தில், ப்ராவிடென்ஸ் நகரப் பள்ளி ஒன்றில் 1964-ல் 'கெம்கிராஸ்' என்ற பெயரில் போட்டார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடியாட இடம் இல்லை என்ற கவலையில் இருந்து பிறந்த யோசனை இது.

ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது ஹூஸ்டன் நகரத்தால். 1965-ல் அங்கே ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை போட்ட பேஸ்பால் ஸ்டேடியத்தைத் திறந்தார்கள். உள்ளே நிஜப் புல். அது வளர வெளிச்சம் வேண்டுமென்று ஒளி ஊடுருவும் கூரை. வந்தது சிக்கல்! கூரையில் இருந்து கண் கூசியதில் வீரர்களுக்குப் பந்தே தெரியவில்லை. சரி என்று கூரைக்கு பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் இல்லாமல் புல் செத்துப்போனது. 1966-ல் வேறு வழியின்றி கெம்கிராஸை விரித்தார்கள். ஸ்டேடியத்தின் பெயரே அதற்கும் ஒட்டிக்கொண்டது: ஆஸ்ட்ரோடர்ஃப்!

இந்திய ஹாக்கிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெரிய தொடர்பு. 1928 முதல் 1972 வரை நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இந்திய ஹாக்கி அணி பதக்கத்தோடுதான் திரும்பியது. 1975-ல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையையும் வென்றது. எல்லாம் புல்தரையில்.

அடுத்த ஆண்டு, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறையாக ஹாக்கி செயற்கைத் தரைக்கு மாறியது. இந்தியா 7-வது இடம். டர்ஃப் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சமதளமான தரையில் பந்து வேகமாக ஓடியது. மணிக்கட்டுத் திறமையைவிட ஓட்டமும் உடல்பலமும் முக்கியமாகின. செலவு பிடிக்கும் இந்தத் தரையைப் பணக்கார நாடுகள் ஊருக்கு ஊர் போட்டன. நம் பிள்ளைகள் மண்ணிலேயே பழகினார்கள். தரை மாறினால் யார் ஜெயிக்கிறார்கள் என்பதும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அப்போ கறுப்பு குருணை எப்போ வந்தது?

முதல் தலைமுறை டர்ஃப் நைலானில் செய்யப்பட்டது. நார் குட்டை, தரை கெட்டி. விழுந்தால் தோல் உரியும். இரண்டாம் தலைமுறையில் நாரை நீளமாக்கி, நடுவே மணல் கொட்டினார்கள். ஹாக்கிக்கு ஓகே, ஆனால் ஃபுட்பாலில் சறுக்கி விழுகிறவர்களுக்கு அது உப்புத்தாள்!

1990-களில் மூன்றாம் தலைமுறை வந்தது. 40 முதல் 60 மில்லிமீட்டர் நீளமுள்ள மிருதுவான பாலிஎத்திலீன் நார். அடியில் கனத்துக்கு மணல். மேலே ரப்பர் குருணை. நாரை நிமிர்த்திப் பிடிப்பதும், விழும்போது அடியைத் தாங்குவதும், ஷூவுக்குப் பிடிமானம் தருவதும் அந்தக் குருணைதான். குப்பையில் கிடந்த டயருக்கும் ஒரு வழி பிறந்தது. ஒரு முழு ஃபுட்பால் மைதானத்துக்குச் சுமார் 20,000 டயர் தேவைப்படும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

இதில் என்ன பிரச்னை?

மைக்ரோபிளாஸ்டிக்: குருணை ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஷூவில், சாக்ஸில், மழைநீரில் வெளியேறுகிறது. ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்கு சுமார் 16,000 டன் வெளியேறுவதாக அங்குள்ள ரசாயன முகமை மதிப்பிட்டது. அதன் பிறகுதான் 2023-ல் தடைச் சட்டம் வந்தது. ஏற்கெனவே போட்ட மைதானங்களைப் பெயர்க்கத் தேவையில்லை. ஆனால் 2031 அக்டோபர் 17-க்குப் பிறகு புதிதாக வாங்கி நிரப்ப முடியாது.

உடல்நலம்: டயர் ரப்பரில் உலோகங்கள், பி.ஏ.ஹெச் எனப்படும் ரசாயனங்கள் உண்டு. இவற்றில் சில புற்றுநோயோடு தொடர்புடையவை. அப்படியானால் விளையாடவே கூடாதா? அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-ல் வெளியிட்ட அறிக்கை, ரசாயனங்கள் இருப்பது உண்மை, ஆனால் விளையாடுபவர் உடலுக்குள் போகும் அளவு குறைவாகவே தெரிகிறது என்றது. அதேசமயம், 'இதை ஆபத்து மதிப்பீடாக எடுத்துக்கொள்ளாதீர்கள்' என்றும் சொன்னது. ஐரோப்பா இன்னும் கறார்: ஒரு கிலோ குருணையில் எட்டு வகை பி.ஏ.ஹெச் சேர்ந்து 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 முதல் அமலில் இருக்கிறது.

சூடு: நிஜப் புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அது முடியாது. உச்சி வெயிலில் டர்ஃப் தரை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு இதுதான் முதல் பிரச்னை.

குருணைக்கு மாற்று என்ன?

தென்னை நார், கார்க்: கார்க் மரப்பட்டைத் துகளையும் தென்னை நாரையும் கலந்து நிரப்பும் முறை ஐரோப்பாவில் புழக்கத்தில் இருக்கிறது. ஈரத்தைப் பிடித்துவைப்பதால் தரை சூடாவதும் குறையும். பொள்ளாச்சிப் பக்கம் மலையாகக் குவியும் பொருளுக்கு இப்படியும் ஒரு பயன்! குறை என்னவென்றால், பெருமழையில் மிதந்து போகும். அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

குருணையே இல்லாத டர்ஃப்: நேரான நாருக்கு நடுவே சுருள் சுருளான நாரை நெருக்கமாகத் தைக்கிறார்கள். குருணை செய்த வேலையைச் சுருள் நார் செய்கிறது. அடியைத் தாங்க, கார்ப்பெட்டுக்குக் கீழே தனியாக ஒரு மெத்தை.

கரும்பில் இருந்து பிளாஸ்டிக்: கரும்பில் எத்தனால், எத்தனாலில் எத்திலீன், அதிலிருந்து பாலிஎத்திலீன். 2020 டோக்கியோ, 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கி டர்ஃப்களின் நார் இப்படிச் செய்ததே. பாரிஸ் டர்ஃப் நாரில் சுமார் 80 சதவீதம் கரும்பில் இருந்து வந்தது. அதே வகை டர்ஃப், 2023 ஆசிய சாம்பியன்ஸ் டிராபிக்காகச் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் போடப்பட்டது. அதில்தான் இந்தியா கோப்பையை வென்றது. ஆனால் ஒன்று: கரும்பில் இருந்து வந்தாலும் அது பிளாஸ்டிக்தான், மக்காது.

நிஜப் புல்லுக்கே தையல்: கார்ப்பெட் நிறுவனமான டெஸ்ஸோ 1990-களில் கொண்டுவந்த முறை. நிஜப் புல் வளரும் மண்ணில் பிளாஸ்டிக் நாரை ஆழமாகத் தைத்துவிடுவார்கள். புல்லின் வேர் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஐரோப்பாவின் பெரிய ஃபுட்பால் கிளப்களின் மைதானங்களில் இந்தக் கலப்பு முறையைப் பார்க்கலாம்.

பழைய டர்ஃப் என்ன ஆகும்?

சுமார் பத்து ஆண்டுகளில் நார் தேய்ந்து படுத்துவிடும். அதன் பிறகுதான் தலைவலி. நார் ஒரு பிளாஸ்டிக், அடித்துணி இன்னொரு பிளாஸ்டிக், பசை வேறு, நடுவே மணலும் ரப்பரும். பிரித்தெடுக்காமல் மறுசுழற்சி செய்ய முடியாது. அதனால் இப்போது லேட்டக்ஸ் பூச்சைத் தவிர்த்து, நாரையும் அடித்துணியையும் சூட்டிலேயே ஒட்டவைத்து, முழு டர்ஃபையும் ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். கழற்றிய டர்ஃபை அப்படியே உருக்கலாம் என்பதுதான் கணக்கு. கார்ப்பெட் தொழில் இதில் ஒரு படி முன்னே. பழைய நைலான் கார்ப்பெட்டையும் மீன்பிடி வலையையும் மூலப்பொருளாகவே மாற்றி, மறுபடி புது நைலான் நூல் எடுக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

• ஆட்டம் முடிந்ததும் ஷூ, சாக்ஸை மைதானத்திலேயே உதறிவிட்டு வாருங்கள். வீட்டுக்கும் சாக்கடைக்கும் போகும் குருணை குறையும்.

• சாப்பிடும் முன் கை கழுவுங்கள். சிராய்ப்பு இருந்தால் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

• சின்னக் குழந்தைகள் குருணையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• கோடையில் பகல் ஸ்லாட்டைத் தவிருங்கள். காலை அல்லது மாலை ஆறு மணிக்குப் பிறகு பெஸ்ட்.

• பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ உங்கள் அபார்ட்மென்ட்டிலோ புதிதாக டர்ஃப் போடுகிறார்களா? 'உள்ளே என்ன நிரப்புறீங்க? பழசானா யார் எடுத்துட்டுப் போவாங்க?' இந்த இரண்டு கேள்வியையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.